ஜாவா வலைச் செயலி: கம்பைல் முதல் சர்வர் வரை

நிரல் எழுதும் மென்பொருளான ஐடிஇ-யில் பச்சைப் பொத்தானை அழுத்தினால் செயலி ஓடுகிறது. அதையே வார் என்ற ஒற்றைப் பொதிக் கோப்பாக்கி, ஜாவா வலைச் செயலிகளை ஓட்டும் டாம்கேட் சர்வரில் போட்டால் 404 (பக்கம் இல்லை என்ற பிழை) வருகிறது. ஜாவா வலைச் செயலிக்குப் புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழுவது இங்கேதான். நிரலைத் திரும்பத் திரும்பப் புரட்டிப் பார்த்தாலும் குறை அகப்படாது, ஏனென்றால் குறை நிரலுக்கு வெளியே இருக்கிறது.

ஒரு செயலி மூன்று கட்டங்களில் ஜாவாவைச் சந்திக்கிறது: கம்பைல் ஆகும்போது, ஒரே கோப்பாகப் பொதியப்படும்போது, சர்வரில் ஓடும்போது. ஒவ்வொரு கட்டத்திலும் இரண்டு கேள்விகள் உண்டு. இங்கே இருப்பது எந்த ஜாவா? இங்கே கைக்கெட்டும் ஜார்கள் (கம்பைல் ஆன ஜாவா வகுப்புகளின் பொதிகள்) எவை? மூன்று கட்டத்திலும் விடைகள் பொருந்தினால் செயலி ஓடும். ஏதோ ஒன்றில் பிசகினால் நாம் பார்க்கும் முக்கால்வாசிப் பிழைச்செய்திகள் அதிலிருந்துதான் வரும். கீழே உள்ள ஒவ்வொரு படியிலும் இந்த இரண்டு கேள்விகளைக் கையோடு வைத்துக்கொள்ளுங்கள்.

கட்டளைகளும் கோப்புப் பெயர்களும் இங்கே ஒலிப்புப்படி தரப்பட்டுள்ளன. தட்டச்சு செய்யும்போது அவற்றை ஆங்கில எழுத்தில் இட வேண்டும். லினக்ஸில் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வெவ்வேறு என்பதை மறக்க வேண்டாம்.

ஜாவாவும் மேவனும்

ஜேடிகே (நிரலைக் கம்பைல் செய்து ஓட்டும் ஜாவாத் தொகுப்பு) 17 அல்லது 21-ஐ நிறுவுங்கள். 17 என்பது 2021 செப்டம்பரிலும் 21 என்பது 2023 செப்டம்பரிலும் வந்தவை. இரண்டும் நீண்டகால ஆதரவு கொண்ட பதிப்புகள். நிறுவும்போது, ஓட்ட மட்டும் உதவும் ஜேஆர்இ-யை எடுத்துவிடாதீர்கள், அதில் கம்பைலர் கிடையாது. மேவன் ஓடும்போது "நோ கம்பைலர் இஸ் புரொவைடட்" என்று தொடங்கும் செய்தி வந்தால் அதற்கு அர்த்தம் இதுதான்.

பிறகு மேவன்: ஜார்களை இறக்கி, கம்பைல் செய்து, பொதியும் கருவி. நிறுவியதும் டெர்மினலில் "ஜாவா -வெர்ஷன்", "எம்விஎன் -வெர்ஷன்" என்ற இரண்டு கட்டளைகளையும் அடுத்தடுத்து கொடுத்துப் பாருங்கள். இரண்டாவது கட்டளை, மேவன் தன் பதிப்போடு தான் எந்த ஜாவாவைப் பயன்படுத்துகிறது என்பதையும் சொல்லும். இரண்டிலும் ஜாவா எண் ஒன்றாக இருக்க வேண்டும். வேறு வேறாக இருந்தால், முதல் கட்டளை பாத் (கட்டளைகளைத் தேடும் ஃபோல்டர்களின் பட்டியல்) வழியாக ஒரு ஜாவாவையும், மேவன் ஜாவா_ஹோம் என்ற சூழல் மாறி வழியாக இன்னொரு ஜாவாவையும் எடுக்கின்றன என்று பொருள். ஜாவா_ஹோம், ஜேடிகே-யின் தலை ஃபோல்டரைக் காட்ட வேண்டும். அதற்குள் இருக்கும் "பின்" என்ற ஃபோல்டரைக் காட்டிவிட்டுத் தவிப்பது மிகவும் பரவலான தவறு.

இந்தச் சோதனைக்கு அரை நிமிடம் ஆகும். அதைச் செய்யாமல் விட்டால் "ரிலீஸ் வெர்ஷன் 21 நாட் சப்போர்டெட்" என்ற செய்தியில் அரை நாள் போகும். பாம் கோப்பில் (மேவனுக்கான அமைப்புக் கோப்பு) 21 என்று எழுதிவிட்டு, மேவனுக்குக் கீழே 17 இருக்கும்போது வரும் செய்தி அது.

ஃபோல்டர் அமைப்பும் பாம் கோப்பும்

மேவன் கேட்கும் அமைப்பை அப்படியே பின்பற்றுங்கள். மாற்ற வழி இருந்தாலும் மாற்றுவதில் ஒரு பயனும் இல்லை. ஜாவா நிரல் எஸ்ஆர்சி/மெயின்/ஜாவா என்ற ஃபோல்டரில் இருக்கும். நிரலோடு சேர்ந்து போக வேண்டிய அமைப்புக் கோப்புகள் எஸ்ஆர்சி/மெயின்/ரிசோர்சஸ் என்பதில். எச்டிஎம்எல், ஜேஎஸ்பி (ஜாவா கலந்த பக்கங்கள்), சிஎஸ்எஸ், படங்கள் எல்லாம் எஸ்ஆர்சி/மெயின்/வெப்ஆப் என்பதில். டெஸ்ட்கள் எஸ்ஆர்சி/டெஸ்ட்/ஜாவா என்பதில். அமைப்புக் கோப்பை ஜாவா ஃபோல்டரிலேயே வைத்தால் மேவன் அதைப் பொதிக்குள் சேர்க்காது. ஓடும்போது "கோப்பு இல்லை" என்று செயலி முறையிடும், நீங்களோ கண்ணெதிரே கோப்பைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

பாம்.எக்ஸ்எம்எல் கோப்பில் ஐந்து விஷயங்கள் கட்டாயம் வேண்டும்.

ஒன்று, பேக்கேஜிங் என்ற இடத்தில் வார் என்று எழுதுவது. எழுதாவிட்டால் மேவன் தானாகவே ஜார் என்று எடுத்துக்கொள்ளும்.

இரண்டு, மேவன்.கம்பைலர்.ரிலீஸ் என்ற பண்பு. அதற்கு 17 என்று மதிப்புக் கொடுங்கள். பழைய எடுத்துக்காட்டுகளில் சோர்ஸ், டார்கெட் என்று இரண்டு பண்புகள் இருக்கும். அவை புதிய ஜாவாவின் நூலகங்களை உங்கள் நிரல் தவறுதலாகத் தொடுவதைத் தடுக்காது. ரிலீஸ் தடுக்கும்.

மூன்று, புராஜெக்ட்.பில்டு.சோர்ஸ்என்கோடிங் என்பதற்கு யூடிஎஃப்-8. நிரலுக்குள் தமிழ் எழுத்து ஒன்று இருந்தாலும் இது அவசியம்.

நான்கு, வார் பிளகினின் (வார் கோப்பைக் கட்டும் மேவன் துணைக்கருவி) பதிப்பை நீங்களே குறிப்பிடுவது, 3.4.0 போன்ற புதிய பதிப்பாக இருக்கட்டும். பழைய மேவன், பதிப்பு சொல்லாவிட்டால் 2.2 என்ற பழைய பிளகினை எடுக்கும். அது வெப்.எக்ஸ்எம்எல் (வலைச் செயலியின் அமைப்புக் கோப்பு) இல்லாவிட்டால் நின்றுவிடும். ஜாவா 17-இல் ஓட்டினால் "புராப்பர்ட்டீஸ்" வகுப்பின் உள் புலத்தைத் தொட முடியவில்லை என்று ஒரு நீளமான செய்தியைக் கொட்டும். அந்தச் செய்தியில் உங்கள் நிரலின் பெயரே வராது என்பதால் பலர் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் திகைக்கிறார்கள்.

ஐந்து, ஃபைனல்நேம். எடுத்துக்காட்டுக்கு "நூலகம்" என்று வைப்போம். இதைச் சொல்லாவிட்டால் கோப்பின் பெயர் நூலகம்-1.0-ஸ்னாப்ஷாட்.வார் என்று வரும். டாம்கேட் அந்த முழுப் பெயரையே முகவரியாக எடுத்துக்கொள்ளும்.

புரொவைடட் என்ற ஒரு சொல்

டிபென்டன்சியாக (செயலி சார்ந்திருக்கும் நூலகமாக) ஜகார்த்தா.சர்வ்லெட்-ஏபிஐ 6.0.0-ஐச் சேர்த்து, அதன் ஸ்கோப்பை (எந்தக் கட்டத்தில் வேண்டும் என்பதை) புரொவைடட் என்று எழுதுங்கள். முதலில் சொன்ன மூன்று கட்டங்களை இந்தச் சொல் எப்படிப் பிரிக்கிறது என்று பார்த்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். கம்பைல் செய்ய, பிரவுசர் கேட்பதற்குப் பதில் தரும் சர்வ்லெட் வகுப்புகள் வேண்டும். ஆகவே மேவன் அந்த ஜாரைக் கொண்டுவருகிறது. ஓடும்போதும் வேண்டும், ஆனால் அதை டாம்கேட் தன் லிப் ஃபோல்டரில் ஏற்கெனவே வைத்திருக்கிறது. எனவே பொதியும் கட்டத்தில் மட்டும் அது சேரக் கூடாது. "ஓடும் இடத்தில் தருவார்கள்" என்பதுதான் புரொவைடட்.

இதை எழுத மறந்தால் ஜார் உங்கள் வார் கோப்புக்குள் போய்விடும். டாம்கேட் அதை ஒதுக்கிவிட்டுத் தன் ஜாரையே பயன்படுத்தும், செயலி ஓடும். எதிர்த்திசையில் தவறினால்தான் விபரீதம். டாம்கேட் தராத ஒன்றைப் புரொவைடட் என்று எழுதினால் கம்பைல் ஆகும், பொதியும் ஆகும், ஓடும்போது "நோ கிளாஸ் டெஃப் ஃபவுண்ட் எரர்" வரும். ஜேஎஸ்பி-க்கான குறிச்சொல் நூலகமான ஜேஎஸ்டிஎல் இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. டாம்கேட்டில் ஜேஎஸ்பி உண்டு, ஜேஎஸ்டிஎல் கிடையாது. அதை நீங்கள்தான் உள்ளே வைத்து அனுப்ப வேண்டும். டேட்டாபேஸ் டிரைவரும் அப்படியே.

இன்னொரு பிழையும் இதே குடும்பம்: "நோ சச் மெத்தட் எரர்". ஒரே நூலகத்தின் இரண்டு பதிப்புகளை இரண்டு டிபென்டன்சிகள் கேட்கும்போது, உங்கள் பாம் கோப்புக்கு எது அருகில் இருக்கிறதோ அதையே மேவன் எடுக்கும். எது புதியது என்று அது பார்ப்பதில்லை. "எம்விஎன் டிபென்டன்சி:ட்ரீ" கட்டளை எந்த ஜார் யார் வழியாக வந்தது என்று மரமாக விரித்துக் காட்டும்.

ஜாவாக்ஸா, ஜகார்த்தாவா

இணையத்தில் கிடைக்கும் எடுத்துக்காட்டுகளில் பாதி, இம்போர்ட் வரியில் ஜாவாக்ஸ்.சர்வ்லெட் என்று தொடங்கும். மீதி ஜகார்த்தா.சர்வ்லெட் என்று தொடங்கும். இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும், ஆனால் ஒன்றின் இடத்தில் மற்றொன்று வேலை செய்யாது.

2017-இல் ஆரக்கிள் நிறுவனம் ஜாவா இஇ-யை (சர்வ்லெட் உள்ளிட்ட சர்வர் பக்கத் தொகுப்புகளை) எக்லிப்ஸ் அறக்கட்டளையிடம் ஒப்படைத்தது. ஆனால் ஜாவாக்ஸ் என்ற பெயரின்கீழ் புதிய மாற்றங்கள் செய்ய உடன்பாடு எட்டவில்லை. அதனால் 2020-இல் வந்த ஜகார்த்தா இஇ 9-இல் எல்லாத் தொகுப்புப் பெயர்களும் ஜகார்த்தா என்று மாறின. டாம்கேட் 9 வரை ஜாவாக்ஸ். டாம்கேட் 10 முதல் ஜகார்த்தா. ஜாவா செயலிகளை எழுத உதவும் சட்டகமான ஸ்பிரிங் பூட் 2 ஜாவாக்ஸ். ஸ்பிரிங் பூட் 3 ஜகார்த்தா, அதற்கு ஜாவா 17 குறைந்தபட்சத் தேவை. டாம்கேட் 10.1-க்கு ஜாவா 11-ஆவது வேண்டும், டாம்கேட் 11-க்கு 17.

இதில் மாட்டிக்கொண்டால் வரும் அறிகுறி மிகவும் ஏமாற்றக்கூடியது. ஜாவாக்ஸில் எழுதிய சர்வ்லெட்டை டாம்கேட் 10-இல் போட்டால், அது வெப்சர்வ்லெட் என்ற குறிப்பைத் தேடும்போது ஜகார்த்தா பெயரில் மட்டுமே தேடும். உங்கள் வகுப்பை அது ஒரு சர்வ்லெட்டாகவே பார்க்காது. எரர் இல்லை, எச்சரிக்கை இல்லை, லாக்கில் எல்லாம் சுமுகம். பிரவுசரில் மட்டும் 404. அதே சர்வ்லெட்டை வெப்.எக்ஸ்எம்எல்-இல் எழுதியிருந்தால், வகுப்பு கிடைக்கவில்லை என்றாவது சத்தம் போட்டிருக்கும்.

தீர்வு இம்போர்ட்களை மாற்றுவது. ஆனால் எல்லா ஜாவாக்ஸையும் கண்ணை மூடிக்கொண்டு மாற்றிவிடாதீர்கள். ஜாவாக்ஸ்.எஸ்க்யூஎல், ஜாவாக்ஸ்.நேமிங், ஜாவாக்ஸ்.கிரிப்டோ ஆகியவை ஜேடிகே-யின் பகுதி. அவை இன்றும் பழைய பெயரில்தான் இருக்கின்றன. மாற்ற முடியாத பழைய வார் கோப்பு கையில் இருந்தால், டாம்கேட் 10-இன் தலை ஃபோல்டரில் வெப்ஆப்ஸ்-ஜாவாஇஇ என்று ஒரு ஃபோல்டரை உருவாக்கி அதில் போடுங்கள். டாம்கேட்டே அதை மாற்றி வெப்ஆப்ஸில் வைத்துவிடும்.

ஒரு சர்வ்லெட், ஒரு வரித் தமிழ்

சோதனைக்கு மிகச் சிறிய சர்வ்லெட் போதும். எச்டிடிபிசர்வ்லெட் வகுப்பை நீட்டித்து ஒரு வகுப்பு. மேலே வெப்சர்வ்லெட் குறிப்பில் /வணக்கம் என்ற பாதை. உள்ளே டூகெட் முறை. அதில் ரெஸ்பான்ஸின் ரைட்டரை வாங்கி "வணக்கம்" என்று தமிழிலேயே எழுதும் ஒரு வரி. பாதையின் முதல் சாய்கோட்டை விட்டுவிட்டால் செயலி தொடங்கவே தொடங்காது.

தமிழில் எழுதச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சர்வ்லெட் விதிப்படி, எழுத்துருவாக்கம் (என்கோடிங், அதாவது எழுத்தைப் பைட்டுகளாக்கும் முறை) எதுவென்று நீங்கள் சொல்லாவிட்டால் ஐஎஸ்ஓ-8859-1 என்றே பொருள். அதில் தமிழ் எழுத்துக்கு இடமே இல்லை; திரையில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு கேள்விக்குறி வரும். டாம்கேட் 10 முதல் அதன் பொது அமைப்புக் கோப்பு இதை யூடிஎஃப்-8 என்று மாற்றிவைத்திருக்கிறது. இருந்தாலும் சர்வரை நம்பாமல் செட்கன்டென்ட்டைப் வழியாக "டெக்ஸ்ட்/எச்டிஎம்எல்;சார்செட்=யூடிஎஃப்-8" என்று நீங்களே சொல்லிவிடுங்கள். ரைட்டரை வாங்குவதற்கு முன்பே இந்த வரி வர வேண்டும். வாங்கியபின் சொன்னால் எழுத்துருவாக்கம் மாறாது, பிழையும் வராது. படிவத்திலிருந்து வரும் தமிழுக்கும் இதே ஒழுங்கு: ரிக்வெஸ்டின் செட்கேரக்டர்என்கோடிங் முதலில், கெட்பாராமீட்டர் பிறகு.

கேள்விக்குறி வருகிறதா, "à®µ" போன்ற குப்பை வருகிறதா என்று கவனியுங்கள். கேள்விக்குறி என்றால் எழுத்து சர்வரிலேயே தொலைந்துவிட்டது, மீட்க முடியாது. குப்பை என்றால் பைட்டுகள் பத்திரமாக இருக்கின்றன, படிப்பவர் தவறான உருவாக்கத்தில் படிக்கிறார்.

பொதிவது, பிறகு பொதியைப் பிரித்துப் பார்ப்பது

"எம்விஎன் கிளீன் பேக்கேஜ்" என்ற கட்டளையைக் கொடுங்கள். கிளீன் பழைய டார்கெட் ஃபோல்டரை அழிக்கும். பிறகு கம்பைல், டெஸ்ட், பேக்கேஜ் வரிசையாக நடக்கும். முதல் தடவை மேவன் நிறைய ஜார்களை இறக்கும். அவை உங்கள் ஹோம் ஃபோல்டரில் .எம்2 என்பதற்குள் தங்கிவிடுவதால் அடுத்த முறை வேகமாக முடியும். இறக்கும்போது இணையம் அறுந்து, பாதிக் கோப்பு தங்கிவிட்டால், அந்த நூலகத்தின் ஃபோல்டரை மட்டும் .எம்2-விலிருந்து நீக்கிவிட்டு மீண்டும் ஓட்டினால் போதும்.

முடிந்ததும் டார்கெட் ஃபோல்டரில் நூலகம்.வார் இருக்கும். வார் என்பது ஒரு ஜிப் கோப்புதான். "ஜார் டிஎஃப் நூலகம்.வார்" என்று கொடுத்தால் உள்ளே இருப்பவை பட்டியலாக வரும். டிப்ளாய் செய்வதற்கு (சர்வரில் ஏற்றுவதற்கு) முன் இந்தப் பட்டியலைப் பார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். வெப்-இன்ஃப்/கிளாசஸ் என்பதற்குக் கீழே உங்கள் வகுப்பு இருக்கிறதா? அமைப்புக் கோப்பு கூடவே வந்திருக்கிறதா? வெப்-இன்ஃப்/லிப் என்பதற்குள் டேட்டாபேஸ் டிரைவர் இருக்கிறதா, சர்வ்லெட்-ஏபிஐ இல்லாமல் இருக்கிறதா? இந்தக் கேள்விகளுக்கு விடை கிடைத்தால் பொதியும் கட்டம் முழுவதும் சரிபார்த்ததாகிறது. வெப்-இன்ஃபுக்குள் இருக்கும் எதையும் பிரவுசர் நேரடியாகக் கேட்டு வாங்க முடியாது. அதனால் ஜேஎஸ்பி கோப்புகளைக்கூட அதற்குள் வைப்பது நல்ல வழக்கம்.

டெஸ்ட் தோற்றால் பொதி உருவாகாது. அவசரத்துக்கு -டிஸ்கிப்டெஸ்ட்ஸ் என்ற தேர்வு உண்டு. சர்வருக்குப் போகும் கோப்பை அப்படி உருவாக்காதீர்கள்.

டாம்கேட்டில் ஏற்றுவது

டாம்கேட் 10.1-இன் தொகுப்பை இறக்கி விரியுங்கள். லினக்ஸில் ஜிப்பைத் தவிர்த்து டார்.ஜிஇசட் கோப்பை எடுங்கள். ஜிப்பில் இயக்க அனுமதி தொலைந்துவிடும், பின் ஃபோல்டரில் உள்ள ஸ்கிரிப்ட்கள் ஓட மறுக்கும். வார் கோப்பை வெப்ஆப்ஸ் ஃபோல்டரில் வைத்துவிட்டு, பின் ஃபோல்டரில் உள்ள கேட்டலினா.எஸ்எச் என்பதை "ரன்" என்ற சொல்லோடு ஓட்டுங்கள். பலரும் ஸ்டார்ட்அப் ஸ்கிரிப்டைச் சொல்வார்கள். அது பின்னணிக்குப் போய்விடும், என்ன நடந்தது என்று தெரியாது. ரன் என்றால் லாக் முழுவதும் கண்முன்னே ஓடும். கன்ட்ரோல்-சி அழுத்தினால் நிற்கும்.

இனி பிரவுசரில் லோக்கல்ஹோஸ்ட்:8080/நூலகம்/வணக்கம் என்ற முகவரி. இதில் நூலகம் என்பது வார் கோப்பின் பெயர், வணக்கம் என்பது சர்வ்லெட்டின் பாதை. செயலி எந்த முன்பெயரும் இல்லாமல் நேரே கிடைக்க வேண்டுமென்றால் கோப்புக்கு ரூட்.வார் என்று பெயர் வையுங்கள். ரூட் என்பது நான்கும் பெரிய எழுத்தில்.

"அட்ரஸ் ஆல்ரெடி இன் யூஸ்" என்றால் 8080-இல் வேறு ஏதோ ஓடுகிறது. பெரும்பாலும் நீங்கள் நிறுத்த மறந்த இன்னொரு டாம்கேட். ஒரே கணினியில் இரண்டு டாம்கேட் வேண்டுமென்றால் சர்வர்.எக்ஸ்எம்எல்-இல் 8080-ஐ மட்டும் மாற்றினால் போதாது, நிறுத்துவதற்கான 8005-ஐயும் மாற்ற வேண்டும்.

"அன்சப்போர்டெட் கிளாஸ் வெர்ஷன் எரர்" வந்தால் அதில் இரண்டு எண்கள் இருக்கும். ஒவ்வொன்றிலிருந்தும் 44-ஐக் கழியுங்கள். 65 என்றால் ஜாவா 21, 61 என்றால் 17, 55 என்றால் 11, 52 என்றால் 8. பெரிய எண் நீங்கள் கம்பைல் செய்த ஜாவா. சிறிய எண் டாம்கேட் ஓடும் ஜாவா.

404-ஐத் துருவுவது

"சர்வரோடு இணைய முடியவில்லை" என்றால் டாம்கேட்டே ஓடவில்லை, அல்லது போர்ட் தவறு. 500 என்றால் உங்கள் நிரல் ஓடி, நடுவில் முறிந்தது; லாக்கில் வரி எண்ணோடு இருக்கும். 404-க்கு மட்டும் காரணங்கள் பல. அதை இந்த வரிசையில் துருவுங்கள்.

முதலில் வெப்ஆப்ஸ் ஃபோல்டரைப் பாருங்கள். வார் கோப்புக்குப் பக்கத்தில் அதே பெயரில் விரிந்த ஃபோல்டர் இருக்கிறதா? இல்லையென்றால் டாம்கேட் கோப்பைத் தொடவே இல்லை. இருந்தால் லாக்கில் "டிப்ளாய்மென்ட் ஆஃப் வெப் அப்ளிகேஷன்" என்ற வரியைத் தேடுங்கள். அதற்கு முன்னால் "ஒன் ஆர் மோர் லிசனர்ஸ் ஃபெயில்டு டு ஸ்டார்ட்" என்று இருந்தால் செயலி தொடங்கும்போதே விழுந்துவிட்டது. அந்த நிலையில் எந்த முகவரியைக் கேட்டாலும் 404-தான். விழுந்ததற்கான உண்மைக் காரணம் கேட்டலினா லாக்கில் இருக்காது. லாக்ஸ் ஃபோல்டரில் லோக்கல்ஹோஸ்ட் என்று தொடங்கி அன்றைய தேதியோடு முடியும் இன்னொரு கோப்பில் இருக்கும். புதியவர்கள் அந்தக் கோப்பைத் திறப்பதே இல்லை. விடை அங்கேதான் காத்திருக்கும்.

செயலி ஒழுங்காகத் தொடங்கியும் 404 என்றால் முகவரியில் எழுத்துப் பிசகு, வார் பெயரில் பெரிய எழுத்து, அல்லது மேலே சொன்ன ஜாவாக்ஸ் சிக்கல். வேறு காரணம் வருவது அரிது.

ஓடிக்கொண்டிருக்கும் டாம்கேட்டின் வெப்ஆப்ஸுக்குள் பெரிய வார் கோப்பை நேரடியாக நகலெடுக்காதீர்கள். டாம்கேட் சில விநாடிக்கு ஒருமுறை அந்த ஃபோல்டரைப் பார்க்கும். நகல் பாதியில் இருக்கும்போது பார்த்தால் அரைகுறை ஜிப்பைத் திறந்து தோற்கும். அதே டிஸ்கில் வேறு ஃபோல்டருக்கு நகலெடுத்து, முடிந்தபின் எம்வி கட்டளையால் நகர்த்துங்கள். நகர்த்தல் ஒரே நொடியில் முடியும். நிஜ சர்வரில் டாம்கேட்டை நிறுத்தி, பழைய விரிந்த ஃபோல்டரையும் நீக்கி, புதியதை வைத்துத் தொடங்குவதே மேல். நிறுத்தாமல் மாற்றிக்கொண்டே போனால் பழைய செயலியின் வகுப்புகள் நினைவகத்தில் ஒட்டிக்கொள்ளும், சில மாற்றங்களுக்குப் பிறகு மெட்டாஸ்பேஸ் (வகுப்புகளுக்கான நினைவகப் பகுதி) தீர்ந்துவிடும்.

டாம்கேட்டையே உள்ளே வைத்து அனுப்பும் வழி

ஸ்பிரிங் பூட் டாம்கேட்டை ஒரு ஜாராக்கி செயலிக்குள்ளேயே வைத்துவிடுகிறது. பொதியும் கட்டமும் ஓடும் கட்டமும் ஒன்றாகிவிடுவதால் புரொவைடட் குழப்பம் மறைகிறது. புதிதாகத் தொடங்கும் செயலிக்கு இதையே பரிந்துரைக்கிறோம். பல செயலிகள் ஒரே டாம்கேட்டில் ஓட வேண்டிய இடத்தில் வார் இன்னும் பொருத்தம்.

"ஜாவா -ஜார் நூலகம்.ஜார்" என்று கொடுத்தால் ஓடும். "நோ மெயின் மேனிஃபெஸ்ட் ஆட்ரிபியூட்" என்று வந்தால் பாம் கோப்பில் ஸ்பிரிங்-பூட்-மேவன்-பிளகின் இல்லை அல்லது அதன் ரீபேக்கேஜ் வேலை நடக்கவில்லை. கோப்பின் அளவைப் பார்த்தாலே தெரிந்துவிடும். எல்லா ஜார்களையும் சுமக்கும் கோப்பு பல மெகாபைட் இருக்கும். சில கிலோபைட் என்றால் உங்கள் வகுப்புகள் மட்டுமே உள்ளே இருக்கின்றன.

எப்போதும் ஓடும் சேவையாக்குவது

டெர்மினலை மூடினால் செயலியும் நின்றுவிடும். லினக்ஸில் சிஸ்டம்டி (சேவைகளைத் தொடங்கி நிறுத்தும் நிர்வாகி) சேவையாக எழுதுங்கள். யூசர் வரியில் இதற்கென்றே உருவாக்கிய ஒரு சாதாரணப் பயனர். முழு அதிகாரம் கொண்ட ரூட் பயனர் ஒருபோதும் வேண்டாம். எக்ஸெக்ஸ்டார்ட் வரியில் ஜாவாவின் முழுப் பாதை. ரீஸ்டார்ட் வரியில் ஆன்-ஃபெயிலியர். சக்ஸஸ்எக்ஸிட்ஸ்டேட்டஸ் வரியில் 143. இந்த 143 விநோதமாகத் தோன்றும். சிஸ்டம்டி நிறுத்தச் சொல்லி 15 என்ற சிக்னலை அனுப்பும்போது ஜாவா 128-ஐயும் 15-ஐயும் கூட்டி 143 என்று விடை சொல்லி வெளியேறும். அதைச் சொல்லாவிட்டால் ஒழுங்காக நிறுத்திய சேவையும் "ஃபெயில்டு" என்று சிவப்பில் நிற்கும்.

கையால் ஓட்டும்போது வேலை செய்த செயலி சேவையாக ஓட்டும்போது டேட்டாபேஸ் கடவுச்சொல் இல்லை என்று சொன்னால், காரணம் சிஸ்டம்டி உங்கள் .பாஷ்ஆர்சி-யை (டெர்மினல் திறக்கும்போது படிக்கப்படும் அமைப்புக் கோப்பை) படிப்பதில்லை. சூழல் மாறிகளைத் தனிக் கோப்பில் எழுதி, என்விரான்மென்ட்ஃபைல் வரியில் அந்தக் கோப்பைக் காட்டுங்கள். அந்தக் கோப்பைப் படிக்கும் உரிமை உரியவருக்கு மட்டும் இருக்கட்டும். கடவுச்சொல்லை வார் கோப்புக்குள் வைத்தால், கோப்பு போகுமிடமெல்லாம் கடவுச்சொல்லும் போகும்.

நினைவகத்தைப் பொறுத்தவரை, ஒன்றும் சொல்லாவிட்டால் ஜாவா கணினியின் நினைவகத்தில் கால் பங்கைத்தான் ஹீப்பின் (செயலியின் தரவு தங்கும் நினைவகப் பகுதியின்) உச்ச அளவாக எடுக்கும். 2 ஜிபி கணினியில் அது 512 எம்பி. -எக்ஸ்எம்எக்ஸ் மூலம் கூட்டலாம், ஆனால் முழு 2 ஜிபி-யையும் கொடுத்துவிடாதீர்கள். ஹீப்புக்கு வெளியேயும் ஜாவாவுக்கு நினைவகம் வேண்டும். டாம்கேட் 200 திரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலை இழை) வரை தொடங்கும், ஒவ்வொன்றின் ஸ்டாக்குக்கும் 1 எம்பி வரை ஒதுக்கீடு. 2 ஜிபி கணினிக்கு 1 ஜிபி ஹீப் என்று தொடங்கி, ஓட்டத்தைப் பார்த்து மாற்றுங்கள். செயலி ஒரு வரிகூட எழுதாமல் 137 என்ற எண்ணோடு செத்துக் கிடந்தால், நினைவகம் போதாமல் இயங்குதளமே அதைக் கொன்றிருக்க வாய்ப்பு அதிகம். டாம்கேட்டில் இந்தத் தேர்வுகளை பின் ஃபோல்டரில் செட்என்வ்.எஸ்எச் என்ற கோப்பை உருவாக்கி, கேட்டலினா_ஆப்ட்ஸ் என்ற மாறியில் எழுதுங்கள். ஜாவா_ஆப்ட்ஸில் எழுதினால் டாம்கேட்டை நிறுத்தும் கட்டளையும் அதே ஹீப்பைக் கேட்கும்.

முன்னால் எஞ்ஜின்எக்ஸ்

லினக்ஸில் 1024-க்குக் கீழுள்ள போர்ட்களைச் சாதாரணப் பயனர் திறக்க முடியாது. ஆகவே 80-உம் 443-உம் செயலிக்கு முன்னால் நிற்கும் வலைச் சர்வரான எஞ்ஜின்எக்ஸிடம் இருக்கட்டும். அது 8080-க்கு அனுப்பட்டும். 502 வந்தால் பின்னால் செயலி ஓடவில்லை, அல்லது இன்னும் எழுந்து முடிக்கவில்லை. 504 வந்தால் செயலி 60 விநாடிக்குள் பதில் தரவில்லை. 413 வந்தால் பயனர் ஏற்றும் கோப்பு பெரிது: எஞ்ஜின்எக்ஸ் இயல்பாக 1 எம்பி-க்கு மேல் அனுமதிக்காது. அதைக் கூட்டியபின் ஸ்பிரிங் பூட்டும் ஒரு கோப்புக்கு 1 எம்பி என்று மறிக்கும். இரண்டு இடத்திலும் மாற்றுங்கள்.

லாகின் செய்ததும் முகவரி எச்டிடிபிஎஸ்-இலிருந்து எச்டிடிபி-க்குத் தாவினால், எச்டிடிபிஎஸ் குறியாக்கம் எஞ்ஜின்எக்ஸோடு முடிந்துவிட்டதும் செயலிக்கு அது தெரியாததும் காரணம். எஞ்ஜின்எக்ஸ் எக்ஸ்-ஃபார்வர்டெட்-புரோட்டோ என்ற தலைப்பை அனுப்ப வேண்டும். அதை நம்பும்படி டாம்கேட்டில் ரிமோட்ஐபிவால்வைச் சேர்க்க வேண்டும்.

காலையில் முதல் ஆளுக்கு மட்டும் வரும் பிழை

பகல் முழுவதும் நன்றாக ஓடும். மறுநாள் காலை முதல் பயனருக்கு 500. பக்கத்தைப் புதுப்பித்தால் சரியாகிவிடும். மைஎஸ்க்யூஎல், சும்மா இருக்கும் இணைப்பை 28,800 விநாடிகள், அதாவது 8 மணி நேரம் கழித்துத் தன் பக்கம் மூடிவிடும். செயலியோ இணைப்பு உயிரோடு இருப்பதாக நினைத்து அதையே நீட்டும். ஹிகாரிசிபி போன்ற பூல் (இணைப்புகளைத் திறந்துவைத்துப் பகிர்ந்து தரும் நூலகம்), ஒவ்வோர் இணைப்பையும் 30 நிமிடத்துக்கு ஒருமுறை தானே புதுப்பித்துக்கொள்ளும்; அதைப் பயன்படுத்தினால் இந்தப் பிழை வராது. பூலின் இயல்பு அளவு 10 இணைப்புகள். வாங்கிய இணைப்பை ட்ரை-வித்-ரிசோர்சஸ் மூலம் மூடாத ஒரே ஒரு நிரல்பகுதி இருந்தாலும், அது பத்து முறை ஓடியதும் செயலி முழுவதும் காத்துக்கிடக்கும்.

புதிய வார் கோப்பை ஏற்றும்போது முந்தையதை அழிக்காமல் பதிப்பு எண்ணோடு வேறு ஃபோல்டரில் வையுங்கள். புதியது விழுந்தால் பழையதைத் திருப்பிவைக்க இரண்டு நிமிடம்தான். ஆனால் டேட்டாபேஸில் ஒரு நெடுவரிசையை நீக்கும் மாற்றத்தை அதே வெளியீட்டில் சேர்த்துவிடாதீர்கள். திரும்பி வரும் பழைய வார் அந்த நெடுவரிசையைத் தேடும். நீக்குவதை அடுத்த வெளியீட்டுக்குத் தள்ளிவையுங்கள்.